சாலைப் பலகை முதல் சட்டமன்றம் வரை: கனடாவில் ஆங்கில வழக்குத்தொடர்கள் பிரெஞ்சு மொழிக்குப் பெயர்ந்த வரலாறு

முன்னுரை

ஒரு மொழியில் நாள்தோறும் வழங்கும் எளிய தொடர்களை வேறொரு மொழிக்குப் பெயர்ப்பது எளிய பணி எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது. காப்பியத்தையும் கவிதையையும் மொழிபெயர்ப்பதே அரிது; சாலையோர அறிவிப்பையும் வணக்க உரையையும் நன்றி உரையையும் பெயர்க்க அகராதி ஒன்றே போதும் என்பது பலரின் எண்ணம். இவ்வெண்ணம் எத்துணைப் பிழையானது என்பதைக் கனடா நாட்டின் மொழி வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது. ஆங்கிலமும் பிரெஞ்சும் இரண்டரை நூற்றாண்டுகளுக்கும் மேலாக அருகருகே வழங்கிவரும் அந்நாட்டில், ஆங்கில வழக்குத்தொடர்களைப் பிரெஞ்சு மொழியில் எவ்வாறு சொல்வது என்னும் வினா மொழிபெயர்ப்பாளரின் மேசையோடு நின்றுவிடவில்லை. அது சாலைகளுக்கும் கடைத்தெருவுக்கும் நாடாளுமன்றத்திற்கும் உச்ச நீதிமன்றத்திற்கும் சென்றது. இறுதியில் கணினி ஆய்வுக் கூடத்தையும் அடைந்தது.

வழக்குத்தொடரின் பொருள் அதன் சொற்களில் மட்டும் இல்லை; அது சொல்லப்படும் சூழலிலும் உள்ளது. இஃது அனைவரும் ஒப்பும் கருத்தே. ஆயின், அச்சூழலில் எந்த மொழி முதலில் பேசுகின்றது, எந்த மொழி பின்னால் வருகின்றது என்பதை வரலாறே உறுதி செய்கின்றது. எப்பொழுதும் பின்னால் வரும் மொழி காலப்போக்கில் தனக்குரிய தொடர்களை இழந்து, முன்னால் செல்லும் மொழியின் நிழலாகிவிடும் அபாயம் உண்டு. கனடியப் பிரெஞ்சு மொழி அந்நிலையை எவ்வாறு எதிர்கொண்டது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வெற்றியும் மொழிபெயர்ப்பும்

1608ஆம் ஆண்டில் சாம்பிளேன் கியூபெக் நகரை நிறுவியது முதல் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் செயிண்ட் லாரன்ஸ் ஆற்றங்கரையில் பிரெஞ்சு மொழியே ஆட்சிமொழியாக இருந்தது. 1759ஆம் ஆண்டில் ஆபிரகாம் சமவெளிப் போரில் ஆங்கிலேயர் வென்றனர். மறு ஆண்டில் மாண்ட்ரியல் நகரும் பணிந்தது. 1763ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கை அந்நிலப்பரப்பைப் பிரித்தானிய முடியாட்சிக்கு உரியதாக்கியது. ஆள்வோர் ஆங்கிலம் பேசினர். ஆளப்பட்ட மக்களில் மிகப் பெரும்பாலோர் பிரெஞ்சு மட்டுமே அறிந்தவர்கள். எனவே மொழிபெயர்ப்பு என்பது அறிஞர்தம் விருப்பமாக இன்றி ஆட்சியின் உடனடித் தேவையாக எழுந்தது.

1764ஆம் ஆண்டு சூன் திங்களில் ‘கியூபெக் கெசட்’ என்னும் செய்தித்தாள் ஆங்கிலம், பிரெஞ்சு ஆகிய இரு மொழிகளிலும் வெளிவரத் தொடங்கியது. அரசின் ஆணைகளும் விளம்பரங்களும் அதில் இடம்பெற்றன. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட பகுதியே மூலம். அதன் பக்கத்தில் நின்ற பிரெஞ்சுப் பகுதி பெரும்பாலும் அதன் பெயர்ப்பு. 1768ஆம் ஆண்டில் ஆளுநர் கார்ல்டன், பிரான்சுவா ஜோசப் குய்ஞே என்பவரை அரசின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளராகவும் செயலாளராகவும் அமர்த்தினார். பிரெஞ்சுக் குடிமையியல் சட்டத்தில் தேர்ந்தவரான குய்ஞே 1789 வரை அப்பணியில் இருந்தார். அவருக்குப் பின் அவர் மகனே அப்பொறுப்பை ஏற்றார். 1774ஆம் ஆண்டின் கியூபெக் சட்டம் குடிமை வழக்குகளில் பிரெஞ்சுச் சட்டத்தையும் குற்ற வழக்குகளில் ஆங்கிலச் சட்டத்தையும் நிலைநிறுத்தியது. இதனால் இரண்டு மொழிகளோடு இரண்டு சட்ட மரபுகளும் ஒரே மன்றத்தில் எதிரெதிரே நின்றன.

1792ஆம் ஆண்டில் கீழைக் கனடாவின் முதல் சட்டமன்றம் கூடியபொழுது, அவைத்தலைவர் எம்மொழி அறிந்தவராக இருத்தல் வேண்டும் என்பதே முதல் வழக்காயிற்று. பிரெஞ்சு மொழியினரான ஜான் அந்துவான் பனே தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆயினும் சட்டங்களின் ஆங்கில வடிவமே சட்ட வலிமை உடையது என லண்டன் ஆட்சி வரையறுத்தது. இந்த வேறுபாடு 1840ஆம் ஆண்டின் ஒன்றிணைப்புச் சட்டத்தில் இன்னும் கடுமையானது. அதற்கு முந்தைய ஆண்டில் வெளிவந்த டர்ஹாம் பிரபுவின் அறிக்கை, பிரெஞ்சுக் கனடியர் ஆங்கிலச் சமுதாயத்தில் கரைந்துபோவதே நன்று என்று பரிந்துரைத்திருந்தது. அதன் வழிவந்த அச்சட்டத்தின் 41ஆம் பிரிவு, சட்டமன்ற ஆவணங்கள் ஆங்கிலத்தில் மட்டுமே இருத்தல் வேண்டும் என விதித்தது. பிரெஞ்சுப் பெயர்ப்புகள் செய்துகொள்ளலாம். ஆனால் அவற்றுக்கு மூலத்தின் வலிமை இல்லை என்றும் அப்பிரிவு கூறிற்று. மொழிபெயர்ப்பு என்பது நிழல் மட்டுமே என்னும் கருத்து இவ்வாறு சட்ட வடிவமே பெற்றது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. அப்பிரிவு 1848ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது.

நிழலாகிய மொழி

1867ஆம் ஆண்டில் கனடியக் கூட்டரசு உருவானபொழுது, அதன் அடிப்படைச் சட்டத்தின் 133ஆம் பிரிவு நாடாளுமன்றத்தில் இரு மொழிகளையும் பேச உரிமை அளித்தது. சட்டங்கள் இரு மொழிகளிலும் அச்சிடப்படவேண்டும் என்றும் பணித்தது. எனினும் நடைமுறையில் ஆங்கிலத்தில் எழுதுவதும் பின்னர்ப் பிரெஞ்சில் பெயர்ப்பதுமே வழக்காக நீடித்தது. அரசின் துறைகள், இருப்புப்பாதை நிறுவனங்கள், தொழிற்சாலைகள், வங்கிகள் ஆகிய அனைத்திலும் முதற்சொல் ஆங்கிலமாகவே இருந்தது.

இதன் விளைவைச் சில சொற்களிலேயே காணலாம். ஆங்கில மரபில் அவைத்தலைவரை ‘ஸ்பீக்கர்’ என்பர். ‘பேசுபவர்’ என்பது அதன் நேர்ப்பொருள். பண்டைக் காலத்தில் மன்னர் முன்னிலையில் அவையின் சார்பாகப் பேசியவர் என்பதால் அப்பெயர் அமைந்தது. பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்கள் அதனைச் ‘சொற்பொழிவாளர்’ எனப் பொருள்படும் ‘ஒராத்தேர்’ என்னும் சொல்லால் பெயர்த்தனர். அவையில் விவாதத்தில் கலந்துகொள்ளாத ஒருவரே சொற்பொழிவாளர் எனப் பெயர் பெற்ற விந்தை இதனால் நிகழ்ந்தது. பிரெஞ்சு மரபில் அவையை நடத்துபவருக்கு ‘பிரெசிதான்’ என்னும் இயல்பான பெயர் இருந்தும், கியூபெக் சட்டமன்றம் அதனை ஏற்றது 1968ஆம் ஆண்டில்தான். ஏறத்தாழ 175 ஆண்டுகள் ஒரு சொல்லின் பெயர்ப்பு அதன் சூழலைப் புறக்கணித்து வாழ்ந்தது எனலாம்.

இந்நிலையை அக்கால அறிஞர் உணராமல் இல்லை. இதழாசிரியர் ஜூல் போல் தார்திவேல் 1880ஆம் ஆண்டில் ஆங்கிலக் கலப்பையே பகையாகச் சுட்டும் சிறுநூல் ஒன்றை வெளியிட்டார். தனித்தனி ஆங்கிலச் சொற்கள் நுழைவதைவிட, பிரெஞ்சுச் சொற்களையே அணிந்துகொண்டு ஆங்கிலத் தொடர்கள் நுழைவது கேடானது. ஏனெனில் அயற்சொல்லைக் கண்டவுடன் அடையாளம் காணலாம், அயல்தொடரை அவ்வாறு காண இயலாது. தார்திவேல் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் பிறந்து, பின்னரே பிரெஞ்சு மொழியைக் கற்றவர் என்பது குறிப்பிடத்தக்கது.

இருபதாம் நூற்றாண்டில் சிறுசிறு மாற்றங்கள் நிகழ்ந்தன. 1927ஆம் ஆண்டில் அஞ்சல் தலைகளும் 1937ஆம் ஆண்டில் கனடிய வங்கியின் பணத்தாள்களும் இருமொழி பெற்றன. துறைதோறும் சிதறிக்கிடந்த மொழிபெயர்ப்பாளர்களை ஒன்றுசேர்த்து 1934ஆம் ஆண்டில் கூட்டரசு மொழிபெயர்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டு சனவரித் திங்களில் மக்களவையில் உடனுக்குடன் மொழிபெயர்த்துக் கூறும் முறை நடைமுறைக்கு வந்தது. அதுவரை, பிரெஞ்சில் பேசிய உறுப்பினர் தம் அவையின் பெரும்பாலோருக்கு விளங்காத மொழியிலேயே பேசிக்கொண்டிருந்தார்.

சாலைப் பலகைகள் கற்பித்த பாடம்

மேற்கூறிய சூழலில்தான் மொழிபெயர்ப்பியல் வரலாற்றில் முதன்மை இடம் பெறும் நூலொன்று பிறந்தது. மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஜான் போல் வினே, முன்னர் மக்கில் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ஜான் தார்பெல்னே ஆகிய இருவரும் இணைந்து, பிரெஞ்சையும் ஆங்கிலத்தையும் நடையியல் நோக்கில் ஒப்பிடும் நூலை 1958ஆம் ஆண்டில் வெளியிட்டனர். இருவரும் பிரான்சில் பிறந்தவர்கள். எனவே கனடியப் பிரெஞ்சு மொழியில் ஆங்கிலத்தின் நிழல் விழும் இடங்களை அவர்தம் செவி எளிதில் உணர்ந்தது.

அந்நூலின் முன்னுரை இலக்கியத்திலிருந்து தொடங்கவில்லை; நியூயார்க்கிலிருந்து மாண்ட்ரியல் செல்லும் நெடுஞ்சாலையிலிருந்து தொடங்குகின்றது. அமெரிக்கப் பகுதியில் காணும் ஆங்கிலப் பலகைகள் அச்சூழலில் இயல்பாகத் தோன்றியவை. எல்லையைக் கடந்ததும் இருமொழிப் பலகைகள் தோன்றுகின்றன. ‘ஸ்லோ’ என்னும் ஆங்கிலச் சொல்லின் பக்கத்தில் ‘லாந்த்மான்’ என்று பிரெஞ்சில் எழுதப்பட்டுள்ளது. ‘மெதுவாக’ என்பது அதன் பொருள். அகராதியின்படி பிழை ஏதுமில்லை. ஆயின், ஆங்கிலமே அறியாத பிரெஞ்சுப் பொறியாளர் ஒருவர் அவ்விடத்தில் பலகை நட நேர்ந்தால் என்ன எழுதுவார்? ‘ரலாந்தீர்’, அதாவது ‘வேகத்தைக் குறைத்தல்’ என்னும் வினையையே எழுதுவார். ஆங்கிலம் நிலையைச் சுட்டுகின்றது. பிரெஞ்சு செயலைச் சுட்டுகின்றது. மற்றொரு பலகையில் ‘ஸ்லிப்பரி வென் வெட்’ என்பதற்கு இணையாக ‘கிளிஸ்ஸான் சி உமீத்’ என்றிருந்தது. ‘ஈரமாயின் வழுக்கும்’ எனச் சொல்லுக்குச் சொல் சரியாகவே அமைந்த பெயர்ப்பு அது. ஆனால் பிரெஞ்சு மொழி தானாகப் பேசும் இடத்தில் அப்பலகை ‘ஷோஸே கிளிஸ்ஸாந்த்’, அதாவது ‘வழுக்கும் சாலை’ என்றே அமையும்.

வினேயும் தார்பெல்னேயும் இங்கே ஓர் அடிப்படை உண்மையைக் கண்டனர். மொழிபெயர்ப்பாளர் கேட்கவேண்டிய வினா ‘இச்சொல்லுக்கு அம்மொழியில் என்ன சொல்?’ என்பதன்று, ‘இதே சூழலில் அம்மொழியினர் என்ன சொல்வர்?’ என்பதே ஆகும். இவ்வினாவிற்கு விடைகாணும் வழிகளை அவர்கள் ஏழாகப் பகுத்தனர். கடன் வாங்குதல், தொடரமைப்பை அப்படியே பெயர்த்தல், சொல்லுக்குச் சொல் பெயர்த்தல் ஆகிய மூன்றும் நேர்வழிகள். சொல்வகையை மாற்றுதல், நோக்குநிலையை மாற்றுதல், நிகரான மரபுத்தொடரைக் காணுதல், பண்பாட்டுச் சூழலுக்கேற்பத் தகவமைத்தல் ஆகிய நான்கும் சுற்றுவழிகள். நேர்வழி பொருந்தாத இடத்தில் சுற்றுவழியே நேரியது என்பது அவர்தம் கருத்தின் சாரமாகும்.

சூழலில் பிறக்கும் இணைத்தொடர்கள்

இக்கருத்தைச் சில எடுத்துக்காட்டுகளால் விளக்கலாம். பிரித்தானிய இருப்புப்பாதை நிலையங்களில் பயணிகள் தவறவிட்ட பொருள்களைக் காக்கும் அறைக்கு ‘லாஸ்ட் பிராப்பர்ட்டி’ என்று பெயர். பிரெஞ்சு நிலையங்களில் அதே அறையை ‘ஒப்ஜே துரூவே’ என்பர். முன்னது ‘இழந்த உடைமை’. பின்னது ‘கண்டெடுத்த பொருள்கள்’. ஒன்று இழந்தவரின் பக்கம் நிற்கின்றது. மற்றொன்று கண்டெடுத்தவரின் பக்கம் நிற்கின்றது. அறை ஒன்றே, நோக்குநிலைதான் வேறு. இதுபோன்றே, புதிதாக வண்ணம் பூசிய இடத்தில் ஆங்கிலம் ‘ஈரமான வண்ணம்’ என எச்சரிக்கும். பிரெஞ்சு ‘புத்தம் புதிய வண்ணம்’ எனப் பொருள்படும் ‘பேந்த்யூர் பிரேஷ்’ என்பதால் எச்சரிக்கும். கனமழையை ஆங்கிலம் பூனைகளும் நாய்களும் பொழிவதாகக் கூறும். பிரெஞ்சு கயிறுகள் பொழிவதாகக் கூறும்.

சொற்றொடர் அமைப்பிலும் இவ்வேறுபாடு உண்டு. ஒருவன் ஆற்றை நீந்திக் கடந்த நிகழ்ச்சியை ஆங்கிலம் கூறும்பொழுது, நீந்துதலை முதன்மை வினையாக்கிக் கடத்தலை ஒரு சிற்றுறுப்பால் குறிக்கும். பிரெஞ்சு கடத்தலை முதன்மை வினையாக்கி, நீந்துதலைத் துணைத்தொடரால் குறிக்கும். தமிழும் ‘கடந்தான்’ என்பதையே முற்றாக்கி, ‘நீந்தி’ என்பதை எச்சமாக்குகின்றது. இவ்வகையில் தமிழும் பிரெஞ்சும் ஒருபுறம் நிற்க, ஆங்கிலம் மறுபுறம் நிற்பது ஒப்பாய்வுக்குரிய செய்தியாகும்.

ஆயினும், எல்லாப் பெயர்ப்புத் தொடர்களையும் பிழை எனத் தள்ளிவிட இயலாது. நன்றி கூறியவருக்கு ஆங்கிலத்தில் ‘யூ ஆர் வெல்கம்’ என்று மறுமொழி கூறுவர். பிரான்சில் அவ்விடத்தில் ‘ஒன்றுமில்லை’ எனப் பொருள்படும் ‘தெ ரியன்’ என்பர். கியூபெக் மக்களோ ‘நல்வரவு’ எனப் பொருள்படும் ‘பியன்வென்யூ’ என்பர். இஃது ஆங்கிலத் தொடரின் நேர்ப்பெயர்ப்பே என மொழியறிஞர் கண்டிப்பர். ஆயின் அது மக்கள் நாவில் வேரூன்றிவிட்டது. இதன் மறுதலையும் உண்டு. வார இறுதியைப் பிரான்சு நாட்டவர் ‘வீக்கெண்ட்’ என ஆங்கிலச் சொல்லாலேயே வழங்க, கியூபெக் மக்கள் ‘ஃபேன் த செமேன்’ எனப் பிரெஞ்சுச் சொற்களால் வழங்குகின்றனர். பிரான்சின் சாலைச் சந்திப்புகளில் ‘ஸ்டாப்’ என்றிருக்கும் செந்நிற எண்கோணப் பலகை, கியூபெக்கில் பெரும்பாலும் ‘ஆரே’ என்றே காணப்படுகின்றது. ஆங்கிலக் கடலால் சூழப்படாத பிரான்சுக்கு ஓர் ஆங்கிலச் சொல் அணிகலன்; சூழப்பட்ட கியூபெக்கிற்கு அதே சொல் கரையை அரிக்கும் அலை. ஒரே மொழியைப் பேசும் இரு நாட்டார் ஒரே சொல்லை இருவேறு வகையாக எதிர்கொள்வதன் காரணம் இதுவே.

வணக்க உரையும் இவ்வாறே அரசியலாகக்கூடும். மாண்ட்ரியல் நகர்க் கடைகளில் பணியாளர் பலர் வாடிக்கையாளரைப் ‘பொன்ஜூர், ஹாய்’ என இரு மொழிகளிலும் ஒருசேர வரவேற்பர். 2017ஆம் ஆண்டு நவம்பர் திங்களில் கியூபெக் தேசிய மன்றம், ‘பொன்ஜூர்’ என்று மட்டும் வரவேற்குமாறு வணிகர்களைக் கேட்டுக்கொள்ளும் தீர்மானத்தை எதிர்ப்பின்றி நிறைவேற்றியது. அது சட்டமன்று, வேண்டுகோளே. எனினும் ஈரசைச் சொல்லொன்றிற்காக ஒரு மன்றம் முழுவதும் எழுந்து வாக்களித்தமை, எளிய வழக்குத்தொடர் சுமக்கும் வரலாற்றின் எடையைப் புலப்படுத்துகின்றது.

மூலமாக உயர்ந்த பெயர்ப்பு

கூட்டரசின் மொழிக் கொள்கையில் பெரும் திருப்பம் 1960களில் நிகழ்ந்தது. 1963ஆம் ஆண்டில் இருமொழி, இருபண்பாடு பற்றி ஆராய அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் பயனாக 1969ஆம் ஆண்டில் அதிகாரத்துவ மொழிகள் சட்டம் இயற்றப்பட்டது. கூட்டரசுச் சட்டங்களின் இரு மொழி வடிவங்களும் சமமான மெய்ம்மை உடையவை என அச்சட்டம் தெளிவாக அறிவித்தது. 1840ஆம் ஆண்டின் சட்டம் பெயர்ப்புக்கு மூலத்தின் வலிமை இல்லை என்று கூறியதை இதனோடு ஒப்பிட்டால், இடையில் கடந்த 129 ஆண்டுகளின் தொலைவு விளங்கும்.

ஆயின் சமமான வலிமை உண்டு என்று அறிவித்தால் மட்டும் போதுமா? ஆங்கிலத்தில் சிந்தித்து எழுதப்பட்ட சட்டத்தைப் பெயர்த்தால், அதன் பிரெஞ்சு வடிவம் சட்டப்படி சமமாகுமேயன்றி மொழிப்படி நிழலாகவே இருக்கும். இதனை உணர்ந்த கனடிய நீதித்துறை அமைச்சு, 1978 முதல் இணைவரைவு என்னும் முறையைக் கைக்கொண்டது. ஆங்கிலச் சட்ட வரைவாளர் ஒருவரும் பிரெஞ்சுச் சட்ட வரைவாளர் ஒருவரும் ஒரே நேரத்தில் அருகருகே அமர்ந்து, தத்தம் மொழியிலும் தத்தம் சட்ட மரபிலும் சட்டத்தை எழுதுவர். ஒருவர் எழுதியதை மற்றவர் பெயர்ப்பதில்லை. இருவரும் ஒரே கருத்தைத் தத்தம் மொழியில் கூறுவர். வினேயும் தார்பெல்னேயும் சாலைப் பலகையில் கேட்ட வினாவிற்குச் சட்டத்துறை தந்த விடையாக இதனைக் கொள்ளலாம்.

நீதிமன்றங்களும் இம்மாற்றத்திற்குத் துணைநின்றன. மனிதோபா மாநிலம் 1870ஆம் ஆண்டில் கூட்டரசில் இணைந்தபொழுது இரு மொழிகளுக்கும் உரிமை வழங்கப்பட்டிருந்தது. 1890ஆம் ஆண்டில் அம்மாநிலம் ஆங்கிலத்தை மட்டும் அதிகாரத்துவ மொழியாக்கிக்கொண்டது. 1976ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஃபோரே என்பவருக்கு வாகனம் நிறுத்தியமைக்கான அபராதச் சீட்டு ஆங்கிலத்தில் மட்டும் வழங்கப்பட்டது. அவர் அதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தார். 1979ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் 1890ஆம் ஆண்டின் மொழிச் சட்டம் செல்லாது எனத் தீர்ப்பளித்தது. 1985ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் மேலும் ஒருபடி சென்று, ஆங்கிலத்தில் மட்டும் இயற்றப்பட்ட மனிதோபாச் சட்டங்கள் அனைத்துமே செல்லாதவை என்றது. சட்டமே இல்லாத நிலை ஏற்படாதிருக்கும் பொருட்டு, அவை பிரெஞ்சில் பெயர்க்கப்பட்டு மீண்டும் இயற்றப்படும் வரையில் தற்காலிகமாக நடைமுறையில் இருக்கலாம் எனவும் இடமளித்தது. சிறியதோர் அபராதச் சீட்டு ஒரு மாநிலத்தின் சட்டத்தொகுதி முழுவதையும் மொழிபெயர்க்கச் செய்த வரலாறு இது.

இதற்கிடையில் கியூபெக் மாநிலம் 1977ஆம் ஆண்டில் பிரெஞ்சு மொழிச் சாசனத்தை இயற்றிப் பணியிடத்திலும் வணிகத்திலும் பெயர்ப்பலகைகளிலும் பிரெஞ்சுக்கு முதலிடம் வகுத்தது. அங்கும் முரண்கள் எழாமல் இல்லை. கடைகளின் பெயர்ப்பலகைகளில் பிரெஞ்சு மட்டுமே இருத்தல் வேண்டும் என்ற விதியை 1988ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் பேச்சுரிமைக்கு மாறானது என்றது. 1993ஆம் ஆண்டில், பிரெஞ்சு மேலோங்கியிருக்குமாயின் பிறமொழிகளும் இடம்பெறலாம் என விதி திருத்தப்பட்டது. ஒரு மொழிக்கு இடம் தேடும் முயற்சி மற்றொரு மொழியினரின் உரிமையோடு மோதுவதும் இவ்வரலாற்றின் ஒரு பகுதியே என்பதை நாம் மறத்தலாகாது.

இணையான இரு வடிவங்களின் பயனை 2002ஆம் ஆண்டின் வழக்கொன்று நன்கு விளக்குகின்றது. போலி ஆவணங்கள் செய்யும் கருவிகளைப் பற்றிய குற்றவியல் சட்டப் பிரிவில் ‘அடாப்டட்’ என்னும் ஆங்கிலச் சொல் இடம்பெற்றிருந்தது. அச்சொல் ‘மாற்றியமைக்கப்பட்ட’ என்றும் பொருள்படும். ‘ஏற்றதாக உள்ள’ என்றும் பொருள்படும். எப்பொருளைக் கொள்வது? உச்ச நீதிமன்றம் பிரெஞ்சு வடிவத்தை நோக்கியது. அதில் ஐயத்திற்கு இடமின்றி இரண்டாம் பொருளே புலப்பட்டதால், அதுவே சட்டத்தின் பொருள் எனத் தீர்ப்பளித்தது. ஒரு காலத்தில் ஆங்கிலத்தின் நிழலாக இருந்த மொழி, இங்கே ஆங்கிலத்திற்கே விளக்கமாக அமைந்தது.

எந்திரம் கற்றுக்கொண்ட தொடர்

கனடாவின் இருமொழி நடைமுறை எதிர்பாராத வேறொரு துறைக்கும் வித்திட்டது. வானிலை அறிக்கைகள் நாள்தோறும் இரு மொழிகளிலும் வெளிவரவேண்டும். ஒரே வகைத் தொடர்களை ஓயாது பெயர்க்கும் அப்பணி மொழிபெயர்ப்பாளர்களுக்குப் பெரிதும் சலிப்பூட்டியது. மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவொன்று உருவாக்கிய ‘மெத்தியோ’ என்னும் கணினி முறை 1977 முதல் ஆங்கில வானிலை அறிக்கைகளைப் பிரெஞ்சில் பெயர்க்கத் தொடங்கி, 2001 வரை பயன்பட்டது. அதன் வெற்றிக்குக் காரணம் வெளிப்படை. வானிலை அறிக்கையின் சொற்கள் சிலவே, சூழலும் ஒன்றே. சூழல் மாறாத இடத்தில் தொடரின் பொருளும் மாறுவதில்லை.

அடுத்து, அமெரிக்காவின் ஐபிஎம் நிறுவன ஆய்வாளர்கள் வேறொரு வழியை மேற்கொண்டனர். கனடிய நாடாளுமன்ற நடவடிக்கைக் குறிப்புகள் இரு மொழிகளிலும் வெளிவருபவை. அவற்றிலிருந்து எடுத்த 40,000 வாக்கிய இணைகளைக் கணினிக்குக் கொடுத்து, எந்த ஆங்கிலச் சொல்லோடு எந்தப் பிரெஞ்சுச் சொல் எத்துணை முறை இணைந்து வருகின்றது என்று கணக்கிட்டனர். இலக்கண விதியோ அகராதியோ அக்கணினிக்கு வழங்கப்படவில்லை. 1990ஆம் ஆண்டில் வெளிவந்த அவர்தம் கட்டுரையில் வியப்பூட்டும் முடிவொன்று காணப்படுகின்றது. ‘கேள்’ எனப் பொருள்படும் ‘ஹியர்’ என்னும் ஆங்கில வினைக்கு இணையான பிரெஞ்சுச் சொல் ‘பிராவோ’ என்று கணினி கண்டிருந்தது. அதன் நிகழ்தகவு 0.992. ‘கேட்டல்’ என்னும் நேர்ப்பொருளுக்கு நூற்றில் ஒரு பங்குகூடக் கிடைக்கவில்லை.

இது பிழையா? நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினரின் பேச்சைப் பாராட்டும் பிறர் ‘ஹியர், ஹியர்’ என்று குரலெழுப்புவர். பெயர்தெரியாத மொழிபெயர்ப்பாளர்கள் பல ஆண்டுகளாக அதனைப் ‘பிராவோ’ என்றே பிரெஞ்சில் எழுதிவந்தனர். ‘கேளுங்கள், கேளுங்கள்’ என்று அவர்கள் எழுதவில்லை. அச்சூழலில் பிரெஞ்சு மக்கள் எழுப்பும் குரலையே எழுதினர். அவர்தம் நுண்ணறிவையே கணினி எண்ணாக மாற்றித் தந்தது. ஆனால் நாடாளுமன்றச் சுவர்களுக்கு வெளியே, ‘மழையின் ஒலி கேட்கின்றது’ என்னும் தொடரில் அதே இணையை இட்டால் நகைப்பிற்கே இடமாகும். சூழலுக்குள் மெய்யாக இருப்பது சூழலைக் கடந்தால் பொய்யாகின்றது என்னும் உண்மையை எந்திரமும் இவ்வாறு மெய்ப்பித்தது.

2014ஆம் ஆண்டில் மாண்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், வாக்கியம் முழுவதையும் நோக்கி ஒவ்வொரு சொல்லுக்கும் தேவையான பகுதியில் கவனம் செலுத்தும் நரம்பியல் வலைப்பின்னல் முறையை ஆங்கிலம்-பிரெஞ்சு மொழிபெயர்ப்பில் சோதித்தனர். இன்றைய மொழிபெயர்ப்புக் கணினிகள் பலவற்றுக்கும் அம்முறை அடித்தளமாயிற்று. வினே கற்பித்த அதே பல்கலைக்கழகத்தில், சொல்லை விடுத்துச் சூழலை நோக்குக என்னும் பாடத்தை எந்திரத்திற்கும் கற்பிக்க நேர்ந்தமை வரலாற்றின் பொருத்தம் எனலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் இரண்டு கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, வழக்குத்தொடரைப் பெயர்ப்போர் சொல்லிலிருந்து தொடங்குதல் கூடாது. சூழலிலிருந்தே தொடங்குதல் வேண்டும். இரண்டாவது, அவ்வாறு தொடங்கும் உரிமையும் வாய்ப்பும் பெயர்க்கப்படும் மொழிக்கு வழங்கப்படுதல் வேண்டும். கனடாவில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர்கள் திறமையற்றவர்களாக இருந்ததால் நிழல்மொழி தோன்றவில்லை. அவர்கள் என்றும் இரண்டாவதாக அழைக்கப்பட்டதாலேயே தோன்றியது. இணைவரைவு முறையில் அவர்களும் முதலில் அழைக்கப்பட்டபொழுது அந்நிலை மாறத் தொடங்கியது.

தமிழராகிய நமக்கும் இவ்வரலாறு அயலானதன்று. சிங்கப்பூரில் மலாய், மாண்டரின், ஆங்கிலம் ஆகியவற்றோடு தமிழும் அதிகாரத்துவ மொழியாகும். ஆயினும் பொது அறிவிப்புகளின் தமிழ் வடிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தின் பெயர்ப்பாகவே அமைகின்றது. ‘குட் மார்னிங்’ என்பதன் நேர்ப்பெயர்ப்பாகிய ‘காலை வணக்கம்’ இன்று நம்மிடையே பரவலாக வழங்குகின்றது. எப்பொழுதுக்கும் பொருந்தும் ‘வணக்கம்’ என்னும் சொல் தனித்து நிற்கவும் வல்லது என்பதைச் சிலர் மறந்துவருகின்றனர். நன்றி கூறியவரிடம் ‘இருக்கட்டும்’, ‘பரவாயில்லை’ என்று கூறும் நம் இயல்பான மறுமொழிகளுக்கு அறிவிப்புத் தமிழில் இடமில்லை. ஒரு தொடரின் தமிழ் வடிவத்தை முடிவு செய்யுமுன், ஆங்கிலமே அறியாத ஒரு தமிழ் மூதாட்டி அவ்விடத்தில் நின்றால் என்ன சொல்வார் என்று கேட்டுப் பார்ப்பது நன்று. அவ்வாறு கேட்கும் மூதாட்டியர் நம்மிடையே இன்னும் இருக்கின்றனர். அவர்தம் தொடர்களைப் பதிவு செய்வதும், அறிவிப்பு எழுதும் மேசைக்குத் தமிழறிந்தாரைத் தொடக்கத்திலேயே அழைப்பதும் நம் தலைமுறையின் கடமைகளாகும்.